ஓர் அதிபர், இரண்டு தளபதிகள், ஒரு தலைமை எழுத்தர்

அத்தியாயம் 12

டெக்சாஸ் அமெரிக்க ஒன்றியத்தில் சேர்ந்த கதையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். 1845 டிசம்பர் 29 அன்று அது இருபத்தெட்டாவது மாநிலமானது. ஆனால் அதன் தெற்கு எல்லை எது என்ற தகராறு தீரவில்லை. நியூசெஸ் ஆறுதான் எல்லை என்றது மெக்சிகோ. அதற்கும் தெற்கே ஓடும் ரியோ கிராண்டே ஆறுதான் எல்லை என்றது அமெரிக்கா. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கிடந்தது முட்புதர் மண்டிய வறண்ட நிலம். அந்த நிலத்துக்காக மட்டும் ஒரு பெரிய போர் மூண்டிருக்காது. அதற்கு வெகு தொலைவில், பசிபிக் கடலோரத்தில் இருந்த கலிபோர்னியாவின் மீது வாஷிங்டனில் ஒருவர் கண் வைத்திருந்தார். அவர் ஜேம்ஸ் போல்க். அமெரிக்காவின் பதினோராவது அதிபர்.

அமெரிக்காவின் நிலப்பரப்பை இவரளவுக்கு விரிவாக்கிய அதிபர்கள் மிகச் சிலர். ஆனால் இவர் கதையைத் தனியாகச் சொல்ல முடியாது. போரை வென்று கொடுத்த ஜக்கரி டெய்லர், வின்ஃபீல்ட் ஸ்காட் என்ற இரண்டு தளபதிகளையும், அமைதியைப் பெற்றுத் தந்த நிக்கோலஸ் டிரிஸ்ட் என்ற வெளியுறவுத் துறை அலுவலரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த மூவரையும் போல்க் நம்பவில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் மையம்.

ஒன்பதாவது சுற்றில் வந்தவர்

1844 மே மாதம் பால்டிமோர் நகரில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு கூடியது. முன்னாள் அதிபர் மார்ட்டின் வான் பியூரனுக்குத்தான் வாய்ப்பு என்று பலரும் நினைத்திருந்தார்கள். டெக்சாஸை உடனே சேர்க்கக் கூடாது என்று அவர் அறிவித்ததில் தென் மாநிலத்தவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். எட்டுச் சுற்று வாக்கெடுப்பு நடந்தும் யாருக்கும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு சேரவில்லை. ஒன்பதாவது சுற்றில் போல்க் தேர்வானார். பிரதிநிதிகள் சபையின் தலைவராகவும் டென்னசி மாநில ஆளுநராகவும் இருந்தவர்தான். ஆனால் சொந்த மாநிலத்திலேயே ஆளுநர் தேர்தலில் அடுத்தடுத்து இரண்டு முறை தோற்றிருந்தார். துணை அதிபர் வேட்பாளர் ஆனால் போதும் என்ற எண்ணத்தில் இருந்தவரை, அதிபர் வேட்பாளர் பதவி தேடி வந்தது.

எதிரே நின்றவர் விக் கட்சியின் ஹென்றி கிளே. நாடறிந்த தலைவர். அவரைப் போல்க் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வென்றார். நியூயார்க் மாநிலத்தில் சுமார் 5,000 வாக்குகள் முன்னிலை கிடைக்காமல் போயிருந்தால் கிளேதான் அதிபர். ஒரு கண்டத்தின் வரைபடம் அந்த 5,000 வாக்குகளைச் சார்ந்திருந்தது.

1845 மார்ச் 4 அன்று பதவியேற்றபோது போல்க்குக்கு வயது 49. அதுவரை அந்தப் பதவிக்கு வந்தவர்களில் அவரே இளையவர். ஒரே ஒரு முறைதான் பதவியில் இருப்பேன் என்று முன்பே வாக்குக் கொடுத்திருந்தார். கடற்படைச் செயலர் ஜார்ஜ் பான்கிராஃப்டிடம் தன் நான்கு குறிக்கோள்களையும் சொன்னார். இறக்குமதி வரியைக் குறைப்பது, அரசுக்கெனத் தனிக் கருவூலம் அமைப்பது, ஒரேகான் எல்லைத் தகராறைப் பிரிட்டனோடு தீர்ப்பது, கலிபோர்னியாவைப் பெறுவது. நான்கே ஆண்டுகளில் நான்கையும் முடித்தார்.

கடும் உழைப்பாளி. அதிகாலையில் தொடங்கி நள்ளிரவு வரை கோப்புகளோடு இருப்பார். தலைநகரை விட்டு வெளியே போவது அபூர்வம். துறைச் செயலர்கள் செய்ய வேண்டிய சின்னஞ்சிறு வேலைகளையும் தானே சரிபார்ப்பார். மனைவி சாரா செய்தித்தாள்களைப் படித்து, அவர் பார்க்க வேண்டிய பகுதிகளைக் குறித்துக் கொடுப்பார். 1845 ஆகஸ்டிலிருந்து போல்க் நாட்குறிப்பு எழுதினார். அமைச்சரவையில் யார் என்ன சொன்னார்கள், யார் மாற்றிப் பேசினார்கள், யார் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. இன்று நாம் போல்க்கின் மனத்தை இவ்வளவு நெருக்கமாகப் படிக்க முடிவது அந்த நாட்குறிப்பால்தான்.

விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை

முதலில் பணம் கொடுத்து வாங்கத்தான் முயன்றார். 1845-இன் இறுதியில் ஜான் ஸ்லைடெல் என்பவரை மெக்சிகோவுக்கு அனுப்பினார். ரியோ கிராண்டே எல்லையை ஏற்று, நியூ மெக்சிகோவையும் கலிபோர்னியாவையும் விற்றால் 2.5 கோடி டாலர் வரை தரலாம் என்பது ஸ்லைடெல்லுக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு.

மெக்சிகோவின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்று 25 ஆண்டுகள்கூட ஆகவில்லை. கஜானா காலி. அரசுகள் அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்தன. டெக்சாஸ் போனதே பெரும் அவமானம். இன்னும் பாதி நாட்டை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே ஆட்சி போய்விடும். அதிபர் எர்ரேரா பேசித் தீர்க்க விரும்பியவர்தான். ஆனாலும் ஸ்லைடெல்லை முழு அதிகாரம் பெற்ற தூதராக ஏற்க அவருக்குத் துணிவில்லை. ஏற்காமல் இருந்தும் பயனில்லை. சில வாரங்களில் தளபதி பரேதெஸ் அவரைக் கவிழ்த்துவிட்டு ஆட்சியைப் பிடித்தார்.

ஸ்லைடெல்லைச் சந்திக்க மறுத்த செய்தி வாஷிங்டனை எட்டியதும், 1846 ஜனவரி 13 அன்று ஓர் உத்தரவு புறப்பட்டது. நியூசெஸ் ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்த ஜக்கரி டெய்லரின் படை ரியோ கிராண்டேவுக்கு முன்னேற வேண்டும். மார்ச் இறுதியில் டெய்லர் ஆற்றின் வடகரையை அடைந்து, எதிரே இருந்த மாட்டமோரோஸ் நகரைக் குறிவைத்து ஒரு கோட்டையைக் கட்டினார். டெய்லரிடம் இளநிலை அதிகாரியாக இருந்த யுலிசீஸ் கிராண்ட் பிற்காலத்தில் அதிபராகவும் ஆனவர். சண்டையைத் தூண்டவே தங்களை அங்கே அனுப்பினார்கள், ஆனால் அதை மெக்சிகோ தொடங்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள் என்று தன் நினைவுக் குறிப்புகளில் அவர் எழுதியிருக்கிறார். வலியவர் எளியவர் மீது தொடுத்த மிக அநியாயமான போர்களில் ஒன்று என்பது அவரது தீர்ப்பு. அந்தப் போரில் துப்பாக்கி ஏந்தியவரே சொன்னது இது.

ஒரு சனிக்கிழமை மாலை

1846 மே 9, சனிக்கிழமை. வெள்ளை மாளிகையில் அமைச்சரவை கூடியது. மெக்சிகோ மீது போர் அறிவிக்கும்படி காங்கிரசைக் கேட்கப் போவதாகப் போல்க் சொன்னார். அதுவரை ரியோ கிராண்டேவில் சண்டை நடந்ததாக எந்தச் செய்தியும் வரவில்லை. மெக்சிகோ தன் கடன் பாக்கியைத் தரவில்லை, தூதரை ஏற்கவில்லை என்பவைதான் கையிலிருந்த காரணங்கள். பான்கிராஃப்ட் ஒருவர் மட்டும் தயங்கினார். மெக்சிகோ முதலில் தாக்கட்டும், அதன் பிறகு போருக்குச் சம்மதிக்கிறேன் என்றார். செவ்வாய்க்கிழமை செய்தி அனுப்புவது என்று முடிவாகிக் கூட்டம் கலைந்தது.

மாலை 6 மணி வாக்கில் ராணுவத் தலைமையகத்திலிருந்து டெய்லரின் கடிதம் வந்து சேர்ந்தது. ஏப்ரல் 25 அன்று ரியோ கிராண்டேவின் வடபுறத்தில் கேப்டன் தார்ன்டனின் குதிரைப்படைப் பிரிவை மெக்சிகோ வீரர்கள் சூழ்ந்து தாக்கினார்கள். சிலர் இறந்தார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். இரவு 7.30 மணிக்கு அமைச்சரவை மறுபடி கூடியது. இப்போது பான்கிராஃப்டும் உடன்பட்டார். மறுநாள் ஞாயிறு. ஓய்வுநாளில் வேலை செய்ய நேர்ந்ததற்கு வருந்துவதாக நாட்குறிப்பில் எழுதிவிட்டு, போல்க் நாள் முழுதும் போர் அறிக்கையைத் தீட்டினார்.

மே 11, திங்கட்கிழமை. அமெரிக்க மண்ணில் அமெரிக்கரின் ரத்தம் சிந்தப்பட்டுவிட்டது, போர் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வதே நம் வேலை என்றது அறிக்கை. பிரதிநிதிகள் சபையில் விவாதத்துக்கு இரண்டே மணி நேரம் ஒதுக்கினார்கள். அதில் பெரும்பகுதி ஆவணங்களை வாசிப்பதிலேயே கழிந்தது. மசோதாவின் முன்னுரையில் ‘மெக்சிகோவின் செயலால் போர் நிலவுகிறது’ என்ற வாசகத்தைச் சேர்த்தார்கள். 50,000 தொண்டர் படையினருக்கும் 1 கோடி டாலருக்கும் ஒப்புதல் தருவதும் அதே மசோதாதான். எதிர்த்து வாக்களித்தால் களத்தில் நிற்கும் வீரனுக்கு உணவும் மருந்தும் மறுத்தவர் என்ற பழி வரும். விக் கட்சியினரில் பெரும்பாலோர் அந்தப் பழிக்கு அஞ்சினார்கள். ஆதரவு 174, எதிர்ப்பு 14. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் முன்னாள் அதிபர் ஜான் குயின்சி ஆடம்ஸ். செனட்டில் 40-க்கு 2. மே 13 அன்று போர் சட்டமானது.

இந்த நான்கு நாட்களை நிதானமாகப் படிப்பது அவசியம். போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரசுக்கே உரியது என்கிறது அமெரிக்க அரசியல் சாசனம். ஆனால் படை எங்கே நிற்க வேண்டும் என்று ஆணையிடுபவர் அதிபர். தகராறுள்ள நிலத்தில் படையை நிறுத்திவிட்டால், முதல் குண்டு வெடித்த பிறகு காங்கிரசுக்குத் தலையசைப்பதைத் தவிர வழி இருக்காது. போல்க் காட்டிய அந்த வழி அவரோடு முடிந்துவிடவில்லை.

இரண்டு தளபதிகள், இருவரும் எதிர்க்கட்சி

போர் தொடங்கியதும் போல்க்குக்குப் புதிய கவலை பிறந்தது. வெல்லக்கூடிய இரண்டு தளபதிகளும் விக் கட்சிச் சார்புடையவர்கள். வெற்றி பெற்ற தளபதி அதிபர் வேட்பாளராக வந்து நிற்பது அமெரிக்காவில் வழக்கம். தன் போர் எதிர்க்கட்சிக்கு ஒரு நாயகனை உருவாக்கிக் கொடுத்துவிடுமோ என்ற அச்சம் போல்க்கை விடவே இல்லை.

டெய்லர் பழைய வைக்கோல் தொப்பியும் தூசி படிந்த கோட்டும் அணிந்து குதிரைமேல் அமர்ந்திருப்பார். புதிதாக வந்த வீரர்கள் அவரை யாரோ ஒரு விவசாயி என்றே நினைப்பார்கள். மே 8, 9 தேதிகளில், வாஷிங்டனில் முடிவு எடுக்கும் முன்பே, பாலோ ஆல்ட்டோ, ரெசாகா தெ லா பால்மா என்ற இரண்டு இடங்களில் மெக்சிகோ படையை முறியடித்தார். செப்டம்பரில் மான்டெர்ரே நகரை மூன்று நாள் தெருச்சண்டைக்குப் பின் கைப்பற்றினார். அவருடைய படையும் களைத்திருந்தது. எனவே எதிரிப் படையை ஆயுதங்களோடு வெளியேற அனுமதித்து, எட்டு வாரம் சண்டை நிறுத்தத்துக்கு இசைந்தார். போல்க் கொதித்தார். முழுப் படையையும் சிறைப்பிடித்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். உடன்பாட்டை முறிக்கும்படி உத்தரவிட்டார்.

ஸ்காட் வேறு வகை. ஆறடி ஐந்து அங்குல உயரம். எப்போதும் முழுச் சீருடை. 1808-இல் ராணுவத்தில் சேர்ந்தவர், 1841 முதல் தலைமைத் தளபதி. போர்க்கலையை நூல்களிலும் களத்திலும் கற்றவர். அவரது பலவீனம் பேனா. நினைத்ததையெல்லாம் கடிதமாக எழுதிவிடுவார். முன்னால் மெக்சிகோவின் குண்டு, பின்னால் வாஷிங்டனின் குண்டு என இரண்டுக்கும் நடுவே நிற்கத் தயாரில்லை என்ற பொருளில் 1846 மே மாதம் போர்ச் செயலர் மார்சிக்கு எழுதினார். கடிதத்தைப் படித்த போல்க் களத் தலைமையை அவருக்குத் தர மறுத்துவிட்டார்.

இருவரையும் விட்டால் வேறு ஆள் வேண்டுமே. தன் கட்சியின் செனட்டர் தாமஸ் பென்டனை லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கி இருவருக்கும் மேலே உட்கார வைக்கப் பார்த்தார் போல்க். அதற்குக் காங்கிரஸ் பின்னர் சம்மதிக்கவும் இல்லை. அதற்கு முன்பே, 1846 நவம்பரில், வேண்டா வெறுப்பாக ஸ்காட்டையே அனுப்பினார். டெய்லரின் பயிற்சி பெற்ற வீரர்களில் பெரும்பாலோர் ஸ்காட்டின் படைக்கு மாற்றப்பட்டார்கள்.

எதிரியைத் தேர்ந்தெடுப்பதிலும் போல்க் கணக்குப் போட்டார். மெக்சிகோவின் முன்னாள் சர்வாதிகாரி சாண்டா அன்னா கியூபாவில் நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்தார். ஆட்சிக்குத் திரும்பினால் பணம் பெற்றுக்கொண்டு எல்லைப் பிரச்சினையை முடித்துத் தருவேன் என்று தூது அனுப்பினார். போல்க் நம்பினார். கடற்படை முற்றுகையைத் தாண்டி அவர் கப்பல் போக வழி விடும்படி உத்தரவு போனது. 1846 ஆகஸ்டில் தாயகம் வந்து இறங்கிய சாண்டா அன்னா சமாதானம் பேசவில்லை, படை திரட்டினார்.

அந்தப் படையோடு 1847 பிப்ரவரி 22, 23 தேதிகளில் புவேனா விஸ்டாவில் டெய்லர் மீது பாய்ந்தார். டெய்லரிடம் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்கள், பெரும்பாலும் போர் பார்க்காத தொண்டர்கள். சாண்டா அன்னாவிடம் சுமார் 15,000 பேர். இரண்டு நாள் சண்டைக்குப் பின் இரவோடு இரவாகப் பின்வாங்கியது சாண்டா அன்னாவின் படை. அந்தக் களத்தில் இறந்த அமெரிக்க அதிகாரிகளில் ஒருவர் ஹென்றி கிளேயின் மகன். டெக்சாஸை அவசரமாகச் சேர்த்தால் போர் வரும் என்று 1844-இல் எச்சரித்துத் தேர்தலில் தோற்ற அதே கிளே. டெய்லரோ ஒரே நாளில் தேசிய நாயகன் ஆனார். போல்க் எதை அஞ்சினாரோ அது நடந்துவிட்டது.

வெராக்ரூஸிலிருந்து தலைநகர் வரை

1847 மார்ச் 9. வெராக்ரூஸ் துறைமுகத்துக்குத் தெற்கே ஸ்காட்டின் படை கரையிறங்கியது. கடலலையைத் தாங்கித் தரை தட்டும்படி தட்டையான அடிப்பகுதியோடு படகுகளை முன்கூட்டியே கட்டச் சொல்லியிருந்தார். மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குள் சுமார் 10,000 பேர் இறங்கினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

மதிலைத் தாண்டிப் பாய்ந்தால் தன் வீரர்கள் ஆயிரக்கணக்கில் சாவார்கள் என்று கணக்கிட்டு, ஸ்காட் பீரங்கியைத் தேர்ந்தார். நகருக்குள் குண்டு மழை பொழிந்தது. பெண்களும் குழந்தைகளும் வெளியேற இடைவேளை தரும்படி அயல்நாட்டுத் தூதர்கள் கேட்டார்கள். ஸ்காட் மறுத்தார். நகரம் பணிந்தபோது, இறந்தவர்களில் குடிமக்களும் ஏராளம். அமெரிக்கத் தரப்பில் உயிரிழப்பு மிகக் குறைவு. ஸ்காட்டின் திறமையைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

அதே ஸ்காட்தான் தன் வீரர்கள் கொலை, கொள்ளை, பாலியல் வன்முறையில் ஈடுபட்டால் ராணுவ நீதிமன்றம் தண்டிக்கும் என்று ஆணை பிறப்பித்து, அதைச் செயல்படுத்தியும் காட்டினார். உணவுப் பொருளைப் பறிக்காமல் காசு கொடுத்து வாங்கச் சொன்னார். டெய்லரின் பகுதியில் தொண்டர் படையினர் செய்த அட்டூழியங்கள் மக்களைக் கொரில்லாப் போருக்குத் தள்ளியதை அவர் கவனித்திருந்தார்.

கடலோரத்தில் மஞ்சள் காய்ச்சல் பருவம் நெருங்கியது. ஸ்காட் மலை ஏறினார். ஏப்ரல் 18 அன்று செர்ரோ கோர்டோ கணவாயில் சாண்டா அன்னா வழிமறித்தார். ராபர்ட் லீ என்ற பொறியியல் பிரிவு கேப்டன் பள்ளத்தாக்குகளுக்கு இடையே ஊர்ந்துபோய் ஒரு மாற்றுப் பாதையைக் கண்டுபிடித்தார். அதன் வழியே போன அமெரிக்கப் படை பக்கவாட்டில் வெளிப்பட்டு மெக்சிகோ அணியை உடைத்தது. ஆனால் புவேப்லாவுக்குப் போகும் வழியில் வேறொரு சோதனை. ஓராண்டு ஒப்பந்தம் முடிகிறது என்று சுமார் 3,700 தொண்டர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். மீண்டும் ஆள் சேரும்வரை மூன்று மாதம் எதிரி நாட்டின் நடுவே காத்திருந்தார் ஸ்காட். ஆகஸ்டில் கடற்கரையோடு இருந்த தொடர்பை அறுத்துக்கொண்டு, பத்தாயிரத்துச் சொச்சம் பேரோடு தலைநகரை நோக்கி நடந்தார். கொன்ட்ரெராஸ், சுருபுஸ்கோ, மொலினோ தெல் ரே, சப்பூல்டெபெக் என ஒவ்வொரு களமும் ரத்தக்களம். செப்டம்பர் 14 அன்று மெக்சிகோ நகரில் அமெரிக்கக் கொடி ஏறியது.

சப்பூல்டெபெக் குன்றில் இருந்தது மெக்சிகோவின் ராணுவக் கல்லூரி. அங்கே போரிட்டு மடிந்த ஆறு மாணவர்களை மெக்சிகோ இன்றும் ஒவ்வொரு செப்டம்பர் 13 அன்றும் நினைவுகூர்கிறது. அன்றே இன்னொரு காட்சி. அமெரிக்கப் படையிலிருந்து விலகி மெக்சிகோவுக்காகச் சண்டையிட்ட, ஐரிஷ் குடியேறிகள் நிறைந்த சான் பாட்ரிசியோ பட்டாளத்தைச் சேர்ந்த 30 பேரைக் கழுத்தில் கயிற்றோடு வண்டிகளில் நிறுத்தி வைத்தார்கள். குன்றின் மேல் அமெரிக்கக் கொடி ஏறும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறியதும் வண்டிகள் நகர்ந்தன.

திரும்பி வர மறுத்தவர்

இனி நிக்கோலஸ் டிரிஸ்ட். வெளியுறவுத் துறையின் தலைமை எழுத்தர். அந்தக் காலத்தில் செயலருக்கு அடுத்த நிலை அதுதான். தாமஸ் ஜெபர்சனிடம் சட்டம் பயின்றவர், அவரது பேத்தியை மணந்தவர். ஆண்ட்ரூ ஜாக்சனின் தனிச் செயலராக இருந்தவர். ஹவானாவில் தூதரக அதிகாரியாகப் பணியாற்றியதால் ஸ்பானிய மொழி சரளம். 1847 ஏப்ரலில் போல்க் அவரை ஒப்பந்த வரைவோடு ரகசியமாக அனுப்பினார்.

வந்ததும் ஸ்காட்டோடு மோதல். மெக்சிகோ வெளியுறவு அமைச்சருக்கான முத்திரையிட்ட உறையை, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஸ்காட்டிடம் அனுப்பிச் சேர்க்கச் சொன்னார் டிரிஸ்ட். சண்டை நிறுத்தத்தை ஓர் எழுத்தர் முடிவு செய்வதா என்று ஸ்காட் சீறினார். ஒரே ஊரில் இருந்துகொண்டு, நேரில் சந்திக்காமல், பக்கம் பக்கமாகக் கடிதங்களால் மோதிக்கொண்டார்கள். ஜூலையில் டிரிஸ்ட் நோயில் விழுந்தார். செய்தி கேட்ட ஸ்காட், தன் கையிருப்பிலிருந்த கொய்யாப்பழ ஜாம் பெட்டி ஒன்றை நோயாளிக்குக் கொடுத்தனுப்பினார். அதோடு பகை தீர்ந்தது. பிறகு இருவரும் வாழ்நாள் முழுதும் நண்பர்கள்.

அந்த நட்பே போல்க்கின் சந்தேகத்தைக் கிளப்பியது. நியூசெஸ் எல்லை பற்றிய மெக்சிகோவின் யோசனையை டிரிஸ்ட் மறுக்காமல் வாஷிங்டனின் பார்வைக்கு அனுப்பியதும் சேர்ந்துகொண்டது. அந்த நிலம் அமெரிக்காவுடையது என்று சொல்லித்தானே போர் தொடங்கியது! அக்டோபரில் டிரிஸ்டைத் திருப்பி அழைத்தார். மெக்சிகோவின் பெரும்பகுதியையோ முழு நாட்டையுமோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் அப்போது வலுத்துக்கொண்டிருந்தது.

அழைப்புக் கடிதம் நவம்பர் 16 அன்று கைக்கு வந்தது. மெக்சிகோவில் சாண்டா அன்னா விலகி, சமாதானத்தை விரும்பிய மிதவாதிகளின் அரசு அப்போதுதான் அமைந்திருந்தது. டிரிஸ்ட் போய்விட்டால் அந்த அரசு கவிழும், பேச யாரும் இருக்க மாட்டார்கள், முடிவில்லாத ஆக்கிரமிப்புதான் மிஞ்சும். டிசம்பர் 4 அன்று அவர் தங்குவதென்று முடிவெடுத்தார். இரண்டு நாள் கழித்து, ஏன் கீழ்ப்படியவில்லை என்று 65 பக்கத்தில் விளக்கம் எழுதி அனுப்பினார். சம்பளம் போகும், பதவி போகும் என்று தெரிந்தே செய்தார்.

1848 பிப்ரவரி 2. மெக்சிகோ நகருக்கு அருகே குவாதலூப்பே ஹிடால்கோ என்ற ஊரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரியோ கிராண்டே எல்லையானது. கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் அமெரிக்காவுக்குச் சேர்ந்தன. பதிலுக்கு 1.5 கோடி டாலர். மெக்சிகோ தர வேண்டியிருந்த 32.5 லட்சம் டாலர் வரையிலான கடன் பாக்கியை அமெரிக்காவே ஏற்றது. டெக்சாஸையும் சேர்த்துக் கணக்கிட்டால் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. கையெழுத்திட்ட அன்று மெக்சிகோ தரப்பினரைவிடத் தனக்குத்தான் அதிக வெட்கமாக இருந்தது என்று டிரிஸ்ட் பின்னாளில் தன் குடும்பத்தாரிடம் சொன்னார்.

பிப்ரவரி 19 அன்று ஒப்பந்தம் போல்க்கின் கைக்கு வந்தது. டிரிஸ்டை நாட்குறிப்பில் ஏசித் தீர்த்தார். ஆனால் உதறவும் முடியவில்லை. டிரிஸ்டுக்குத் தான் கொடுத்த உத்தரவின் வரம்புக்குள்தான் ஒப்பந்தம் இருந்தது. போரை அதிபர் தேவையின்றியும் அரசியல் சாசனத்துக்கு விரோதமாகவும் தொடங்கினார் என்று ஜனவரியில்தான் பிரதிநிதிகள் சபை 85-க்கு 81 என்ற கணக்கில் வாக்களித்திருந்தது. அமெரிக்க ரத்தம் சிந்திய இடம் எது, அது யாருடைய மண் என்று இல்லினாயிலிருந்து வந்த ஆபிரகாம் லிங்கன் என்ற புது உறுப்பினர் டிசம்பரில் தீர்மானம் கொண்டுவந்து கேட்டிருந்தார். ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பினால் போரைத் தொடரக் காங்கிரஸ் பணம் தராமல் போகலாம், கலிபோர்னியாவும் கைநழுவலாம் என்று போல்க் கணக்கிட்டார். செனட்டுக்கு அனுப்பினார். மார்ச் 10 அன்று 38-க்கு 14 என்று நிறைவேறியது.

கணக்கு முடிந்தபோது

வென்று கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? மெக்சிகோ தலைநகரைப் பிடித்த ஸ்காட் தலைமையிலிருந்து நீக்கப்பட்டு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார். அவர் மீது புகார் கிளப்பியவர்களில் முக்கியமானவர் கிடியன் பில்லோ, போல்க்கின் நெருங்கிய நண்பர். டிரிஸ்ட் வேலையிழந்தார். திருப்பி அழைத்த நாளுக்குப் பிந்தைய சம்பளமும் மறுக்கப்பட்டது. ரயில்வே நிறுவனம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினார். காங்கிரஸ் அந்தப் பாக்கியைக் கொடுத்தது 1871-இல், அவர் இறப்பதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு. டெய்லர் 1848 தேர்தலில் விக் கட்சி வேட்பாளராக நின்று அதிபரானார். சொன்ன சொல் மாறாமல் ஒரே முறையோடு விலகிய போல்க், பதவி விட்ட 103 நாளில், 1849 ஜூன் 15 அன்று நாஷ்வில்லில் இறந்தார். வயது 53.

அமெரிக்கத் தரப்பில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். களத்தில் இறந்தவர்கள் 2,000-க்கும் குறைவு. மற்றவர்களைக் கொன்றது பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல் போன்ற நோய்கள். ஒப்பந்தத்தில் தங்கள் நிலத்தைப் பற்றி யாரும் கேட்காத இன்னொரு தரப்பு உண்டு. கலிபோர்னியாவின் பூர்வகுடிகள். 1846-இல் சுமார் ஒன்றரை லட்சமாக இருந்த அவர்கள் தொகை 1870-க்குள் சுமார் 30,000 ஆகச் சுருங்கியது. நோய், பசி, திட்டமிட்ட கொலைகள் எல்லாம் அதற்குக் காரணம்.

புதிய நிலத்தில் அடிமை முறை இருக்கலாமா கூடாதா? போர் தொடங்கி மூன்றே மாதத்தில், 1846 ஆகஸ்டில், கூடாது என்று டேவிட் வில்மாட் என்ற உறுப்பினர் பிரதிநிதிகள் சபையில் திருத்தம் கொண்டுவந்தார். மெக்சிகோவிடமிருந்து பெறும் நிலத்துக்கும் அடிமை முறைக்கும் என்ன சம்பந்தம் என்று போல்க்குக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அவரே அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். அதிபராக இருந்த காலத்திலும் தன் மிசிசிப்பி பருத்தித் தோட்டத்துக்கு அடிமைகளை வாங்கியவர். தன் வாழ்க்கையில் கேள்விக்கே உள்ளாக்காத ஒன்று நாட்டைப் பிளக்கும் என்பதை அவரால் காண முடியவில்லை. சப்பூல்டெபெக்கில் தோளோடு தோள் நின்று போரிட்ட இளம் அதிகாரிகள் 14 ஆண்டுகளுக்குள் உள்நாட்டுப் போரில் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் சுட்டார்கள். லீயும் கிராண்டும் அவர்களில் இருவர்.

போல்க் நினைத்ததையெல்லாம் முடித்தவர் என்று பாராட்டும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. செயல்திறனை மட்டும் அளந்தால் அந்தப் பாராட்டு சரிதான். ஆனால் ஒரு தலைவரை அளக்க, அவர் எதைச் சாதித்தார் என்பதோடு எந்த வழியில் சாதித்தார், அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். காங்கிரசுக்கு யோசிக்க நேரம் தராமல் போரைப் பெற்றார். வென்ற தளபதிகளைச் சந்தேகித்தார். அவரது ஆட்சியின் மிகப் பெரிய சாதனை, அவர் பணிநீக்கம் செய்த ஒருவர் அவர் பேச்சைக் கேட்காமல் இருந்ததால் கைகூடியது. இந்த நால்வரில் தன் நாட்டின் அநீதியை உணர்ந்து, அது மேலும் பெருகாமல் தடுக்கத் தன் வாழ்வாதாரத்தைப் பணயம் வைத்தவர் டிரிஸ்ட் ஒருவரே. அவரைத்தான் நான் இந்த அத்தியாயத்தின் தலைவராகக் கருதுகிறேன்.

ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு ஒன்பது நாள் முன்பு, 1848 ஜனவரி 24 அன்று, கலிபோர்னியாவில் மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் மஞ்சள் நிறத் துகள்களைக் கண்டார். கையெழுத்திட்ட இரு தரப்பாருக்கும் அது தெரியாது. தங்க வேட்டையையும், அது கிளப்பிய அடிமை முறைத் தகராறையும், 1850 சமரசத்தையும் அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)